நல்ல கார் என்று யார் சொன்னது?

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டார் கார் வாங்கப் போகிறார்கள் என்றால் அந்தப் பேச்சு வீட்டு விறாந்தையோடு முடிந்துவிடுவதில்லை. ரொறன்ரோவில் இருக்கும் பெரியண்ணர் போன் எடுப்பார்: "தம்பி, கண்ணை மூடிக்கொண்டு டொயோட்டாவை எடு. இங்கை வாற புத்தகத்திலை ஒவ்வொரு வருசமும் அதுதான் மேலை நிக்குது." லண்டனில் இருக்கும் மச்சான் வேறொரு பட்டியலைப் பார்த்துவிட்டு வேறொரு பெயர் சொல்வார். டோர்ட்முண்டில் இருக்கும் சித்தியின் மகன் ஜேர்மன் பரிசோதனை அறிக்கையின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்புவான். அதில் மேலே நிற்பது மூன்றாவது ஒரு கார். கடைசியில் ஊர்க் கராஜ்காரரிடம் போனால், "அண்ணை, அதெல்லாம் அங்கத்தைய கதை. இஞ்சை சாமான் கிடைக்கிற காரைப் பாருங்கோ" என்று முடித்துவிடுவார்.

நாலு பேரும் பொய் சொல்லவில்லை. நாலு பேருக்கும் உங்கள்மீது அக்கறை இருக்கிறது. வெளிநாட்டுப் பட்டியல்களைத் தயாரித்தவர்களும் ஆயிரக்கணக்கான கார்களைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் பதில்கள் ஏன் ஒத்துப்போகவில்லை?

இது பொழுதுபோக்குக் கேள்வியும் அல்ல. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றத்தில், பத்து வருடம் ஓடிய ஒரு சின்னக் காரே ஒரு காணியின் விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவ்வளவு காசைக் கொட்டும்போது, "நம்பகமான கார்" என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பழுதை எண்ணும் மூன்று வழிகள்

கார் நல்லதா கெட்டதா என்று நேரே அளக்கும் கருவி ஏதும் கிடையாது. பழுதுகளை எண்ணத்தான் முடியும். எண்ணுவதற்கு உலகில் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, சொந்தக்காரரைக் கேட்பது. ரொறன்ரோ அண்ணர் சொன்ன புத்தகம் பெரும்பாலும் அமெரிக்காவின் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் ஆக இருக்கும். 1936இல் தொடங்கிய நுகர்வோர் அமைப்பு ஒன்று வெளியிடுவது அது. விளம்பரம் எடுப்பதில்லை, சோதிக்கும் கார்களையும் தன் காசில் வாங்குகிறது. ஒவ்வொரு வருடமும் தன் உறுப்பினர்களைக் கேட்கிறது: கடந்த 12 மாதத்தில் உங்கள் காரில், செலவாலோ ஆபத்தாலோ கார் ஓடாமல் நின்றதாலோ நீங்கள் பாரதூரமானது என்று கருதிய பழுது ஏதாவது வந்ததா? 'நீங்கள் கருதிய' என்ற இடத்தைக் கவனியுங்கள். ஒருவர் ஜன்னல் கண்ணாடி இறங்காததையே பெரிய குறையாக எழுதுவார். இன்னொருவர் ஓயில் ஒழுகுவதைக்கூட, பழகிப்போன விஷயம் என்று விட்டுவிடுவார்.

இரண்டாவது வழி, றோட்டில் நின்றுபோன கார்களை எண்ணுவது. ஜேர்மனியின் ஆடாக் என்ற மோட்டார் சங்கத்துக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். கார் நின்றுவிட்டது என்று அழைத்தால் மஞ்சள் நிற உதவி வாகனம் வரும். வந்தவர் என்ன பழுது என்று பதிவார். 1978 முதல் இந்தப் பதிவுகளிலிருந்து கார்வாரியாகக் கணக்கு வெளிவருகிறது. இதில் அபிப்பிராயத்துக்கு இடமில்லை, நின்றது நின்றதுதான். ஆனால் பத்து அழைப்பில் நாலுக்கு மேல் வெறும் பற்றரிக் கோளாறு. அதோடு, சில கார்க் கம்பனிகள் தங்கள் வாடிக்கையாளருக்குத் தாங்களே உதவி வாகனம் அனுப்புகின்றன. அந்தக் கார் றோட்டில் நின்றாலும் சங்கத்தின் கணக்கில் ஏறாமல் போக வழி உண்டு.

மூன்றாவது, அரசு கட்டாயப்படுத்தும் பரிசோதனை. ஜேர்மனியில் புதுக் கார் மூன்று வருடத்திலும் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் பரிசோதனைக்குப் போகவேண்டும். எத்தனை வீதம் கார்கள் கடுமையான குறையோடு வந்தன என்பதைத்தான் டூவ் என்ற பரிசோதனை அமைப்பின் அறிக்கை சொல்கிறது. டோர்ட்முண்டுத் தம்பி அனுப்பியது அதைத்தான். அந்த அறிக்கையில் பழைய கார்களுக்கான வரிசையில் போர்ஷே 911 அடிக்கடி முதலிடத்துக்கு வரும். ஆனால் போர்ஷே வைத்திருப்பவர் அதைக் கராஜில் மூடி வைத்திருப்பார், ஞாயிற்றுக்கிழமை எடுப்பார், பரிசோதனைக்கு முன் கம்பனியிலேயே சேர்விஸ் செய்வார். டாசியா லோகன் என்ற மலிவான கார் பலமுறை அடிமட்டத்தில் நின்றது. அதன் வடிவமைப்பில் குறை இருக்கக்கூடும். அதை வாங்குபவர் சேர்விஸ் செலவையும் சிக்கனம் பிடிப்பவராக இருக்கக்கூடும். இரண்டும் ஒரே எண்ணுக்குள் கலந்து கிடக்கின்றன. காரை அளந்தோமா, காரின் சொந்தக்காரரை அளந்தோமா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆகவே மூன்று பட்டியலும் மூன்று வேறு கேள்விகளுக்கான பதில்கள். மனக்குறை எவ்வளவு என்று ஒன்று கேட்கிறது. எத்தனை தடவை நடுவழியில் நின்றது என்று இன்னொன்று. பரிசோதகர் கண்ணில் எத்தனை குறை பட்டது என்று மூன்றாவது. இவை ஒத்துப்போனால்தான் நாம் ஆச்சரியப்பட வேண்டும்.

140 என்றால் என்ன, 202 என்றால் என்ன?

அமெரிக்காவில் ஜே.டி. பவர் என்ற கம்பனியும் சொந்தக்காரரைக் கேட்டுக் கணக்கெடுக்கிறது. அதன் அளவைத் தமிழில் 'நூற்றுக்குப் பழுது' எனலாம்: நூறு கார்களுக்கு எத்தனை பழுதுகள் சொல்லப்பட்டன என்பது. மூன்று வருடம் பழகிய கார்களை வைத்து 2025இல் வெளியான கணக்கில் சராசரி 202. மிக நல்ல இடத்தில் நின்ற லெக்ஸஸ் 140.

140-ஐயும் 202-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இடைவெளி பெரிதாகத் தெரியும். நூறால் வகுத்துப் பாருங்கள். சராசரிக் கார் வைத்திருப்பவர் வருடத்தில் இரண்டு குறை சொன்னார். லெக்ஸஸ் வைத்திருப்பவர் ஒன்றரைக்குச் சற்றுக் குறைவாகச் சொன்னார். அந்தக் குறைகளில் முன்வரிசையில் நின்றதோ எஞ்சினும் அல்ல, கியர்பொக்ஸும் அல்ல: கைத்தொலைபேசி காரின் திரையோடு ஒழுங்காக இணையவில்லை என்பது. யாழ்ப்பாணத்தில் அதற்காக யாரும் காரைக் கராஜுக்குக் கொண்டுபோக மாட்டார்கள்.

2011இல் போர்ட் கம்பனிக்கு நடந்தது இதைவிடத் தெளிவானது. அதே ஜே.டி. பவரின் புதுக்கார்த் தரவரிசையில் போர்ட் ஒரே வருடத்தில் 5ஆம் இடத்திலிருந்து 23ஆம் இடத்துக்கு விழுந்தது. புதிதாகப் பொருத்திய தொடுதிரையைப் பாவிப்பது கடினம் என்று பலர் எழுதினார்கள். புதுக் கியர்பொக்ஸ் ஒன்றைப் பற்றியும் முறைப்பாடு வந்தது. பாவிக்கக் கடினமானதும், உடைந்துபோனதும் ஒரே பெட்டிக்குள் ஒவ்வொரு புள்ளியாக விழுந்தன. தரவரிசையைக் கண்டால் முதலில் கேட்கவேண்டியது, இதில் எதெல்லாம் பழுது என்று எண்ணப்பட்டது என்பதைத்தான். அந்த விளக்கம் பெரும்பாலும் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் கிடக்கும். அந்தப் பக்கத்தைத்தான் நான் முதலில் படிக்கச் சொல்வேன்.

யார் காசில் இந்தக் கணக்கு நடக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் நெடுங்காலமாகத் தன் பெயரை விளம்பரத்தில் போடக் கார்க் கம்பனிகளை விடவில்லை. ஜே.டி. பவரோ தன் தரவுகளைக் கார்க் கம்பனிகளுக்கு விற்கிறது; விருதை விளம்பரத்தில் காட்ட அவை பணம் செலுத்துகின்றன. அதனால் எண்கள் பொய்யாகிவிடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் பெரிய பெயர் மட்டும் காவல் ஆகாது. 2014 ஜனவரியில் ஆடாக் சங்கத்தின் வாக்கெடுப்பு ஒன்று அம்பலமானது. ஜேர்மானியரின் விருப்பக் கார் எது என்று தன் சஞ்சிகை வாசகரிடம் அது கேட்டிருந்தது. வொக்ஸ்வாகன் கோல்ப் பெற்ற வாக்குகள் 34,299 என்று அறிவித்தார்கள். உண்மையில் கிடைத்தவை 3,409. பழுதுக் கணக்கு வேறு, இது வேறு. என்றாலும் சங்கத்தின் எல்லா எண்களையும் மக்கள் சந்தேகத்தோடு பார்க்க அது ஒன்றே போதுமாக இருந்தது.

புளியங்கொட்டையில் ஒரு சோதனை

"எங்கடை ஒழுங்கையிலை மூண்டு விட்ஸ் கார் நிக்குது. ஒண்டும் ஒருநாளும் பழுதாகேல்லை." இதைவிட உறுதியான சாட்சி வேறென்ன வேண்டும் என்று தோன்றும். எவ்வளவு உறுதியானது என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

நூறு புளியங்கொட்டை எடுங்கள். தாயம் விளையாட உரசுவதுபோல் அதில் 12 கொட்டையை ஒரு பக்கம் வெள்ளையாக உரசுங்கள். எல்லாவற்றையும் ஒரு குடத்தில் போட்டு, அதற்குச் 'சுமார்க் கார்' என்று பெயர் வைப்போம்: நூறு கார் ஓடினால் வருடத்தில் 12 பெரிய பழுதைக் காணும். இன்னொரு குடத்தில் நூறு கொட்டை போட்டு 8-ஐ மட்டும் உரசுங்கள். அது 'நல்ல கார்'. ஒன்றரை மடங்கு வித்தியாசம். வாங்குபவருக்குப் பெரிய விஷயம். இந்த 8-உம் 12-உம் நானாக வைத்த எண்கள்.

இப்போது சுமார்க் காரின் குடத்தைக் குலுக்கிக் கண்ணை மூடி ஒரு கொட்டை எடுங்கள். வெள்ளையா என்று பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். இப்படி மூன்று தடவை. ஒழுங்கையில் நிற்கும் மூன்று காருக்கு இது ஒரு வருடம். ஒருதடவைகூட வெள்ளை வராமல் போக எவ்வளவு வாய்ப்பு? ஒவ்வொரு தடவையும் நூற்றில் 88 என்பதால், மூன்றும் தப்புவதற்கு நூற்றில் 68. அதாவது சுமார்க் காரை வாங்கிய மூன்று வீட்டார் இருக்கும் ஒழுங்கைகளில் மூன்றில் இரண்டில், "எங்கடை காருக்கு ஒண்டும் வரேல்லை" என்ற பேச்சுத்தான் அந்த வருடம் கேட்கும். அவர்கள் சொல்வது முழு உண்மை. அந்த உண்மைக்குள் காரைப் பற்றிய செய்தி மிகக் கொஞ்சம்.

சரி, மூன்று போதாது. ஐம்பது காரைக் கேட்போம். இரண்டு குடத்திலும் ஐம்பது ஐம்பது தடவை எடுத்து வெள்ளைகளை எண்ணுங்கள். நல்ல காரில் 4, சுமார்க் காரில் 6 வரவேண்டும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் ஒருமுறை 7-உம் 4-உம் வரும், இன்னொருமுறை 3-உம் 9-உம் வரும். திரும்பத் திரும்பச் செய்தால் ஐந்தில் ஒரு தடவை நல்ல கார் சுமார்க் காரைவிட மோசமாகத் தெரியும். பத்தில் ஒரு தடவை இரண்டும் சமமாக நிற்கும். ஐம்பது சொந்தக்காரரைத் தேடிப்பிடித்து நேர்மையாகக் கேட்டு எழுதிய கணக்கிலும் ஐந்தில் ஒரு பங்கு நேரம் வரிசை தலைகீழாகிவிடுகிறது.

ஐந்நூறு ஐந்நூறு தடவை எடுத்தால் கதை மாறும். அப்போது எதிர்பார்ப்பு 40-உம் 60-உம். தலைகீழாகும் வாய்ப்பு நூற்றில் ஒன்றிரண்டாகக் குறைந்துவிடும். இப்படி முழுக் கூட்டத்திலிருந்து எடுத்துப் பார்க்கும் சிறு பகுதியைப் புள்ளிவிபரவியலில் 'மாதிரி' என்பார்கள். மாதிரி பெருகப் பெருகத் தற்செயலின் ஆட்டம் அடங்கும். கன்சியூமர் ரிப்போர்ட்ஸுக்கு ஒரு குறிப்பிட்ட வருடத்து ஒரு குறிப்பிட்ட காருக்குச் சாதாரணமாகக் கிடைப்பது 200 முதல் 400 வரையான கார்களின் விபரம். ஐம்பதுக்கும் ஐந்நூறுக்கும் நடுவில் நிற்கும் எண்ணிக்கை அது. மிக நல்லதையும் மிக மோசமானதையும் பிரித்துக் காட்ட அது போதும். நாலாம் இடத்தில் நிற்பதையும் ஏழாம் இடத்தில் நிற்பதையும் பிரிக்கப் போதாது. ஆகவே பட்டியலில் தலையையும் வாலையும் நம்பலாம். நடுப்பகுதியில் ஒரு படி மேலா கீழா என்று பார்த்துக் காசை முடிவு செய்யக்கூடாது.

ஏ-40 ஏன் இன்னும் ஓடுகிறது?

தற்செயலின் ஆட்டத்தை மாதிரியின் அளவைக் கூட்டி அடக்கிவிடலாம். எவ்வளவு கூட்டினாலும் அடங்காத பிழை ஒன்று இருக்கிறது. அதற்கு உதாரணம் தேடி யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியே போகத் தேவையில்லை.

ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், ஹில்மன். 1950களிலும் 60களிலும் வந்திறங்கிய இந்த இங்கிலாந்துக் கார்கள் யாழ்ப்பாணத்தில் அரை நூற்றாண்டு கடந்தும் வாடகைக்கு ஓடின. இன்று எண்ணிக்கை குறைந்துவிட்டாலும் கலியாண வீட்டு வாசலில் ஒன்றைக் காணலாம். அதைக் காணும்போதெல்லாம் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "அந்தக் காலத்துச் சாமான் இரும்பு. இப்பத்தைய கார் எல்லாம் தகரம்."

1943இல் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆபிரகாம் வால்ட் என்ற கணிதவியலர் இதே வகைக் கேள்வி ஒன்றை ஆராய்ந்தார். போரிலிருந்து திரும்பிய விமானங்களில் எங்கெங்கே குண்டு துளைத்திருக்கிறது என்ற விபரம் இருந்தது. துளை அதிகமான இடத்துக்குக் கவசம் போடுவது சரி என்றுதான் யாருக்கும் தோன்றும். வால்டின் கணக்கு வேறுவிதமாகப் போனது. இந்தத் துளைகளெல்லாம் திரும்பி வந்தவற்றில் இருப்பவை. துளை குறைவான இடத்தில் அடி வாங்கியவை திரும்பி வரவில்லை. ஆகவே துளை குறைவான இடமே ஆபத்தான இடம். தப்பி வந்ததை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் முடிவு செய்யும் இந்தப் பிழையைத் 'தப்பியதின் சாய்வு' எனலாம்.

கலியாண வீட்டு வாசலில் நிற்கும் ஏ-40 திரும்பி வந்த விமானம். அதோடு கப்பலில் வந்து, இரும்புக் கடைக்குப் போன, குண்டுவீச்சில் எரிந்த, இடப்பெயர்வில் கைவிடப்பட்ட, வளவின் மூலையில் கறள் பிடித்து மண்ணான கார்கள் நம் கண்முன் இல்லை. இருந்தால் நாம் அவற்றையும் எண்ணுவோம்.

யாழ்ப்பாணத்துக் கதையில் இன்னும் ஒரு பகுதி இருக்கிறது. என் கண்ணுக்கு அதுதான் முக்கியமானது. உள்நாட்டுப் போரின்போது 1990இல் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் வரவில்லை, பற்றரி வரவில்லை, புதுக் கார் வருவதற்குப் பாதையே இல்லை. தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி மூடப்பட்டது. மீண்டும் திறந்தது 2002இல். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஓடவேண்டிய தேவை இருந்தது, ஓட்ட வேறு கார் இல்லை. ஆகவே இருந்ததை ஓடவைத்தார்கள். எதில்? மண்ணெண்ணெயில்.

செய்முறை இது. கார்பரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோலைச் சொட்டாக விட்டு எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணவேண்டும். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். சூடாகாமல் மாற்றினால் மண்ணெண்ணெய் ஆவியாகாது. வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு நின்றுவிடும். எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து கீழே போய் எஞ்சின் ஓயிலோடு கலந்து அதைத் தண்ணீர்போல் ஆக்கும். பிளக்கில் கரி பிடிக்கும். அடிக்கடி எஞ்சின் தலையைக் கழற்றிக் கரி சுரண்டவேண்டும். இந்த வேலையைத் தாங்கியதற்குக் காரணம் இரும்பின் கனம் அல்ல. ஏ-40இன் எஞ்சின் காற்றையும் எண்ணெயையும் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகத்தான் அமுக்கும். அந்த மெல்லிய அமுக்கத்தில் மண்ணெண்ணெய் ஓரளவு ஒழுங்காக எரியும். இன்றைய எஞ்சின் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே அமுக்குகிறது. அதில் மண்ணெண்ணெயை ஊற்றினால் நேரத்துக்கு முந்தியே தானாகத் தீப்பிடித்துப் பிஸ்டனை அடித்து நொறுக்கும்.

சரி, ஏ-40 பழுதாகாத காரா? இல்லை. ஓயாமல் பழுதாகிய கார். பழுதான ஒவ்வொரு தடவையும் ஊர்க் கராஜில் இருந்த ஸ்பானராலும், லேத் மெசினில் கடைந்த துண்டாலும், பக்கத்து வளவில் செத்துக்கிடந்த இன்னொரு ஏ-40இலிருந்து கழற்றிய உறுப்பாலும் திரும்ப ஓடிய கார். ஜே.டி. பவரின் ஆட்கள் 1995இல் யாழ்ப்பாணம் வந்து நூற்றுக்குப் பழுது கேட்டிருந்தால் ஏ-40 கடைசி இடத்தில் நின்றிருக்கும். ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோனது அதுதான். பழுதாகாமல் இருப்பது ஒரு குணம். பழுதானால் இருக்கும் இடத்திலேயே திருத்தக்கூடியதாக இருப்பது வேறொரு குணம். உலகத் தரப்பட்டியல்கள் அனேகமாக முதலாவதை மட்டும் எண்ணுகின்றன. கம்பனிக் கராஜ் ஒவ்வொரு பட்டினத்திலும் இருக்கும் நாட்டில் அது போதும். ஒரு சென்சருக்காகக் கொழும்புக்கு ஆள் அனுப்பும் ஊரில் இரண்டாவது குணமும் அதேயளவு கனமானது. கராஜ்காரரின் "சாமான் கிடைக்கிற காரைப் பாருங்கோ" என்ற ஒரு வரிக்குள் எந்தப் பட்டியலும் அளக்காத ஓர் அளவு இருக்கிறது.

பெயர் முந்திக்கொண்டால்

1984இல் ஜெனரல் மோட்டோர்ஸும் டொயோட்டாவும் சேர்ந்து கலிபோர்னியாவின் பிறீமொண்ட் நகரில் ஒரு தொழிற்சாலையை நடத்தத் தொடங்கின. 1990களில் அங்கே ஒரே கூரையின் கீழ், ஒரே தொழிலாளர் கையால் டொயோட்டா கொறோலாவும் ஜியோ பிறிஸம் என்ற காரும் வெளிவந்தன. அடிப்படையில் இரண்டும் ஒரே கார். ஆனால் கொறோலா அதிகம் விற்றது, பழசாக விற்கும்போதும் கூடிய விலை பெற்றது. மக்கள் பெயருக்குக் காசு கொடுத்தார்கள்.

கணக்கெடுப்பவரும் இதற்குத் தப்பவில்லை. டொயோட்டா புதிதாக ஒரு காரை வெளியிட்டால், பழுது விபரம் கைக்கு வருமுன்பே அது நம்பகமானது என்று கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் நெடுங்காலம் முன்கூட்டிக் கணித்து வந்தது. 2007 ஒக்டோபரில், டொயோட்டாவின் சில கார்கள் சராசரிக்குக் கீழே போனதைக் கண்டபின் அந்தச் சலுகையை நிறுத்துவதாகத் தானே அறிவித்தது. தன் கணக்கில் இருந்த சாய்வைத் தானே வெளியில் சொன்ன அமைப்பை நான் கூடுதலாக நம்புகிறேன்.

பெயர் கெட்டாலும் இதே கதைதான். 1986 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று, ஓடி (Audi) கம்பனியின் 5000 என்ற கார் தானாகப் பாய்கிறது என்று ஒளிபரப்பியது. அதன்பின் முறைப்பாடுகள் பெருகின. 1989இல் அரசின் வீதிப் பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்து, சாரதிகள் பிரேக் என்று நினைத்து அக்சிலேற்றரை மிதித்ததே பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என்றது. அதற்குள் அமெரிக்காவில் அந்தக் கம்பனியின் விற்பனை வருடத்துக்கு 74,000 என்ற நிலையிலிருந்து சரியத் தொடங்கியிருந்தது. 1991இல் ஏறத்தாழ 12,000. சொந்தக்காரரைக் கேட்டு எடுக்கும் எந்தக் கணக்கிலும், அவர் அண்மையில் என்ன கேள்விப்பட்டார் என்பதும் ஒரு பங்கு.

றோட்டு மாறினால்

ஒரு கணக்கு எவ்வளவு நேர்மையாக எடுக்கப்பட்டாலும், அது எடுக்கப்பட்ட இடத்துக்கே சொந்தம். யாழ்ப்பாணத்தில் எங்கும் காணும் ஜப்பானிய வகன்ஆர் கார் கனடாவில் விற்பனைக்கே போகவில்லை. ரொறன்ரோ அண்ணரின் புத்தகத்தில் அதற்கு இடமில்லை. ஐரோப்பாவில் யாரிஸ் என்று ஓடுவதைத்தான் இங்கே விட்ஸ் என்பார்கள். ஆனால் ஐரோப்பிய யாரிஸ் 2001 முதல் பெரும்பாலும் பிரான்ஸின் வலன்சியன் நகரத் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. இங்கே வருவது ஜப்பானில் செய்து, ஜப்பானில் சிலகாலம் ஓடியது.

பிறகு நம் மண். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. கேத்தலின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் படையைத் தெரியாத வீடு இல்லை. கூலன்ற் வாங்கும் செலவை மிச்சம் பிடித்து அந்தக் கிணற்றுத் தண்ணீரையே ரேடியேற்றருக்குள் விட்டால், அதே படை அதன் மெல்லிய குழாய்களுக்குள்ளும் பிடிக்கும். வேகம் குறைந்த றோட்டில், வெயிலில், ஏசி போட்டபடி ஓடும் கார் ஒருநாள் கொதிக்கும். ஹெட் கஸ்கற் போகும். சொந்தக்காரர், "இந்த மொடல் எஞ்சின் சரியில்லை" என்பார். கணக்கெடுக்கப் போனால் அது அந்தக் காரின் பெயரில்தான் ஏறும். காரைநகர், ஊர்காவற்றுறைப் பக்கம் கடற்காற்று அடிபாகத்தை அரிக்கும். ஹைபிரிட் காரின் பெரிய பற்றரி வெப்பத்தில் சீக்கிரம் கிழடாகும். அக்குவா என்ற ஹைபிரிட் காரில் பின்சீற்றுப் பக்கத்தில் இருக்கும் காற்று வழியைத் தூசு அடைத்தால் இன்னும் சீக்கிரம். ஜப்பானில் சப்பொறோவின் பனியில் ஓடிய காரின் சரித்திரம் இதைப்பற்றி எதுவும் சொல்லாது.

பழைய காரோடு வரும் ஜப்பானிய ஏலத் தாளும் அப்படித்தான். 4 அல்லது 4.5 என்ற புள்ளி, பரிசோதகர் அன்றைக்குக் கண்ட நிலை: கீறல், நசிவு, முன்னைய விபத்து, உட்புறத்தின் அழுக்கு. இனிமேல் எவ்வளவு காலம் ஓடும் என்பதற்கு அந்தப் புள்ளியில் இடமில்லை. அதைவிடப் பெறுமதியானது, ஜப்பானின் கட்டாயப் பரிசோதனைச் சான்றிதழில் இருக்கும் கிலோமீற்றர்ப் பதிவு. மீற்றரைத் திருப்பிவிட்டார்களா என்பதை அது காட்டிக்கொடுக்கும். வாங்குமுன் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பகுதியெண் எங்கே?

கராஜ்காரர் ஒருவர், "அந்தக் கார்தான் என்னட்டைக் கூட வருது, வாங்காதையுங்கோ" என்றால் அது பாதிக் கணக்கு. பள்ளிக்கூடத்தில் பின்னம் படித்தபோது மேலே தொகுதி, கீழே பகுதி என்று எழுதினோம். கராஜுக்கு வந்தவை தொகுதி. ஊரில் ஓடுபவை பகுதி. ஊரில் ஆயிரம் ஓடும் காரில் இருபது வருவதும், முப்பது ஓடும் காரில் பத்து வருவதும் ஒன்றல்ல. பின்னதில் மூன்றில் ஒரு பங்கு நோயாளி. ஆனால் கராஜ்காரரின் ஞாபகத்தில் இருபது என்பதே பெரிதாக நிற்கும். ஆகவே அவரிடம் கேள்வியை மாற்றிக் கேட்கவேண்டும். இந்த மொடலில் உங்களிடம் ஒழுங்காகச் சேர்விஸுக்கு வருவது எத்தனை? அதில் எஞ்சினோ கியர்பொக்ஸோ திறந்தது எத்தனை? சாமான் வரும்வரை ஆகக்கூடியது எத்தனை நாள் கார் நின்றது? இந்த மூன்றையும் மூன்று கராஜில் கேட்டு ஒரு கொப்பியில் எழுதினால், ரொறன்ரோவிலிருந்து வரும் பட்டியல் சொல்லாத பலதை அது சொல்லும்.

ஊர் முழுதுக்குமான பகுதியெண் அரசிடம் ஏற்கனவே இருக்கிறது. அனேகமாக ஒவ்வொரு காரும் வருடாவருடம் புகைப் பரிசோதனைக்குப் போய், சான்றிதழோடு வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கவேண்டும். லண்டன் மச்சான் இருக்கும் நாட்டில் வருடாந்தப் பரிசோதனை முடிவுகள் 2005 முதல் கணினியில் ஏறுகின்றன. யாரும் ஒரு காரின் இலக்கத்தைக் கொடுத்து, அது எந்த வருடம் எதில் தவறியது, எத்தனை மைல் ஓடியிருந்தது என்று இணையத்தில் பார்க்கலாம். சொந்தக்காரரின் பெயர் அதில் இராது. பெயர்களை எடுத்துவிட்டு இங்கேயும் மொடல், வருடம், ஓடிய கிலோமீற்றர், பரிசோதனை முடிவு என்ற நாலையும் மாவட்டவாரியாக வெளியிட்டால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படிக்கும் பிள்ளைகளே குடாநாட்டுக்கான பட்டியல் ஒன்றைத் தயாரித்துவிடுவார்கள்.

அனுமதிப்பத்திரப் பதிவேட்டுக்கு இன்னொரு பலம் உண்டு. கராஜுக்கு வராத காரைக் கராஜ்காரர் காணமாட்டார். விற்றுத் தொலைத்தவரைக் கருத்துக்கணிப்பு கேட்காது. அனுமதிப்பத்திரப் பதிவேட்டில் மட்டும், சென்ற வருடம் புதுப்பித்து இந்த வருடம் புதுப்பிக்காமல் போன கார் ஒரு வெற்றிடமாகத் தெரியும். எந்த மொடல் எத்தனையாவது வருடத்தில் அப்படி உதிரத் தொடங்குகிறது என்று அங்கே எண்ணலாம்.